நுரையீரலில் ரத்தக்கட்டி: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

(மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)

 

நுரையீரலை அடைக்கும் ரத்தக்கட்டி பெரும்பாலும் கால் ரத்தக்குழாயில் உருவாகி மேலே வருவது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி மூச்சு சீரானதும், “குணமாகிவிட்டது” என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கட்டியைக் கரைப்பது உடம்பு. புதிய கட்டி வராமல் காப்பது மாத்திரை. குறைந்தது 3 மாதம் சாப்பிட வேண்டும். புற்றுநோய் உள்ளவர்களுக்கும், முன்பே கட்டி வந்தவர்களுக்கும் இன்னும் நீண்ட காலம் தேவைப்படலாம்.

அதிக எடை, இதய நோய், நுரையீரல் நோய், படுத்தே கிடப்பது ஆகியவை குணமாவதைத் தாமதப்படுத்தும். டாக்டர் அனுமதித்ததும் தினமும் நடங்கள். ரமலானில் நோன்பு வைக்க நினைத்தால், மாத்திரை நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 3 மாதத்துக்குப் பிறகும் மூச்சு வாங்கினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.