காய்ச்சல் போன பின்பு



ஜூபிலி மகிழ்ச்சியில் நாம் எல்லாரும் கூடியிருக்கும் இவ்வேளையில், நம் நடுவே சத்தமில்லாமல் துன்புறும் சிலரை உங்கள் நினைவுக்குக் கொண்டுவர விரும்புகிறோம். காய்ச்சல் நீங்கியும் குணமடையாத நோயாளிகளே அவர்கள்.

மாம்பலம் என்றால் கொசு என்று நம் ஊரைக் கேலி செய்வது பழைய வழக்கம். யானைக்கால் நோயைப் பரப்பிய கொசு அழுக்குத் தண்ணீரில் வளர்வது. சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ, நாம் பத்திரமாய்ப் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரிலேயே வளர்ந்து, பகலில் கடிக்கிறது. 1952-ல் ஆப்பிரிக்காவில் இன்றைய தான்சானியா நாட்டில் இந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது. வலியால் உடல் வளைந்துபோவதை அந்நாட்டு மக்கள் தம் மொழியில் சொன்ன சொல்லே அதன் பெயராயிற்று. 1963-ல் கல்கத்தாவிலும், 1964-ல் நம் சென்னையிலும் பரவிய அது, பின்னர் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, 2006-ல் மீண்டும் தலைதூக்கியது. அவ்வாண்டில் மட்டும் நாடெங்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்நோய் கண்டிருக்கலாம் என்பது அரசாங்கக் கணக்கு.

காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். மூட்டுவலியோ சிலருக்கு வாரக்கணக்கிலும், சிலருக்கு மாதக்கணக்கிலும், இன்னும் சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். வயதானவர்களும், முன்பே மூட்டு நோய் உள்ளவர்களும் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்புச் சக்தி, வேலை முடிந்த பின்பும் அடங்காமல் மூட்டுகளில் வீக்கத்தை உண்டாக்குவது இதற்கு ஒரு முக்கிய காரணம். நெருப்பை அணைத்த பின்பும் அடுப்பு சுடுகிறதல்லவா?

ஆனால் வலியைவிட அதிகமாய் இவர்களைப் புண்படுத்துவது நம்முடைய பேச்சு. "காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் என்ன?" என்கிறோம். காலையில் விரல் மடங்காமல் குழாயைத் திருக முடியாத மருமகளைச் சோம்பேறி என்கிறோம். துணி பிழிய முடியாத தாயும், மாம்பலம் ஸ்டேஷன் படிகளில் ஒவ்வொன்றாய்க் கால் ஊன்றி ஏறும் தகப்பனும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். கோவிலில் முழந்தாளிட முடியாமல் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு. அது பக்திக் குறைவல்ல, மூட்டுவலி.

2020-ல் வந்த கொரோனா இந்தப் பாடத்தை உலகம் முழுவதற்கும் கற்பித்தது. தொற்று நீங்கிய பின்பும் அசதி, மூச்சுத் திணறல், மறதி என்று பலர் தவித்தார்கள். 'லாங் கோவிட்' என்ற பெயரை முதலில் வைத்தவர்களே நோயாளிகள்தாம். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் அந்நிலைக்கு இலக்கணம் வகுத்தது. நோயாளியின் வாய்ச்சொல் முதலில் வந்தது, மருத்துவம் பின்னால் வந்தது. பரிசோதனைச் சீட்டில் ஒன்றும் இல்லை என்பதால் உடம்பிலும் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டலாகாது.

ஆகவே சில யோசனைகள். காய்ச்சல் நேரத்தில், டெங்கு இல்லை என்று தெரியும்வரை, பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரைகளை நாமாக விழுங்கக் கூடாது. பிறகும் வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்குவது ஆபத்து. மூட்டுகளை மெல்ல மெல்ல அசைத்துப் பழக வேண்டும். கொரோனாவுக்குப் பின் உழைக்க உழைக்க அசதி கூடுகிறவர்கள், வேலையைப் பிரித்துக்கொண்டு இடையிடையே ஓய்வெடுக்க வேண்டும். டிரம், தொட்டி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

நோயாளிகளைச் சந்திப்பது இரக்கச் செயல்களில் ஒன்று என்று சிறு வயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். முதல் வாரத்தில் ஆரஞ்சுப் பழத்தோடு போகிறவர்கள் நம்மில் பலர். மூன்றாம் மாதம் போகிறவர்கள் மிகச் சிலர். அந்த மூன்றாம் மாதத்தில் போங்கள். "இன்னும் சரியாகவில்லையா?" என்று கேளாதீர்கள். "இன்று எந்த வேலை கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டு, அந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டு வாருங்கள்.