அட்வான்ஸ் வாங்கியவளின் சம்மதம்



தோழரின் நினைவுரையை இந்த முறை சென்னை அரங்கில் வைக்காமல் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, அதை விளக்க இங்கே ஒரு குடியிருப்பில் நாங்கள் கூட்டம் போட்டோம். வல்லுறவுப் பிரிவில் சம்மதத்துக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தைத் தமிழில் சொன்னோம். ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து, சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கும் இசைவுதான் சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே அவள் சம்மதித்தாள் என்று ஆகாது. நல்ல விளக்கம்தான். பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "அட்வான்ஸ் வாங்கினவ வேணாம்னு எப்படிம்மா சொல்லுவா?"

அன்றைக்கு ஏதோ பதில் சொன்னோம். அது பதிலே இல்லை என்பது திரும்பி வரும்போது பேருந்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று வெளியூர் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்த ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. அது தலைக்கட்டு உள்ள ஆண்களின் உரிமை. பாடு இல்லாதவர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவியபடி மணிக்கணக்கில் தண்ணீரில் நகரும் இருளர் பெண்களை நீங்கள் காலையில் பார்த்திருப்பீர்கள். பிடித்த இறாலுக்கு விலை சொல்பவர், முன்பே கடன் கொடுத்து வைத்திருப்பவர். ஏரி கைவிட்டால் அரிசி ஆலை, செங்கல் சூளை. அங்கேயும் அட்வான்ஸ்தான், குடும்பத்தோடு. அந்த அம்மா கேட்டது இந்த வாழ்க்கையிலிருந்து.

இனி நாடாளுமன்றத்துக்குப் போவோம். 2012 டிசம்பர் 16 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு அமைக்கப்பட்டது. சுமார் 80,000 கருத்துகளைப் பெற்று, ஒரு மாதத்தில், 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை தந்தது. அவ்வளவு வேகமாகவும் பொறுப்பாகவும் வேலை செய்ய முடியும் என்பதற்கு அந்தக் குழுவே சாட்சி. அடுத்த பதினோரு நாளில், பிப்ரவரி 3 அன்று, அவசரச் சட்டம் வந்தது. அது காலாவதி ஆவதற்குள் மசோதாவை நிறைவேற்றியாக வேண்டும். மார்ச் 19 மக்களவை, மார்ச் 21 மாநிலங்களவை, ஏப்ரல் 2 குடியரசுத் தலைவர் ஒப்புதல்.

சம்மத வயது 16 என்று அமைச்சரவை முடிவு செய்தது. நான்கே நாளில் அனைத்துக் கட்சிக் கூட்டம் அதை 18 ஆக்கியது. பின்தொடர்தலைக் குற்றமாக்கும் பிரிவு வந்தபோது, பெண்கள் பின்னால் போகாதவர் நம்மில் யார் என்று சரத் யாதவ் கேட்டார். பின்தொடர்தல் முதல் முறை என்றால் ஜாமீன் உண்டு என்று தளர்த்தினார்கள். கணவன் செய்தால் வல்லுறவு இல்லை என்ற விலக்கை நீக்க வேண்டும் என்று வர்மா குழு சொன்னதை, குடும்ப அமைப்பு குலையும் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே தள்ளிவிட்டது. சட்டத்தில் நல்லவையும் வந்தன, மறுக்கவில்லை. மேலே சொன்ன சம்மத விளக்கம் அப்போது வந்ததுதான்.

வேகம் தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2011 செப்டம்பரில். அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது. நிதானத்தின் விலை எங்களுக்குத் தெரியும். எங்கள் கேள்வி, வேகமாகப் போனபோது எது கீழே விழுந்தது என்பதே.

வயதையே எடுத்துக்கொள்வோம். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி எரிந்தது. 'நாடகக் காதல்' என்று தலித் இளைஞர்களுக்கு எதிராகப் பிரச்சாரம் நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் டெல்லியில் பதினாறா பதினெட்டா என்று பேசினார்கள். சாதி மாறிக் காதலித்தவன் மீது பெண்ணின் தகப்பன் கையில் இந்தச் சட்டம் என்னவாகும் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. வளரிளம் பருவத்தினரின் உறவுகளைப் போக்சோ வழக்காக்குவது பற்றிச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் கவலையோடு எழுதினார். இங்கே இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடியிருப்பில் பதினேழு வயதுப் பெண் கர்ப்பமானால், ஆரம்ப சுகாதார நிலையம் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து அவள் பரிசோதனைக்கே போகாமல் இருக்கிறாள். குழந்தைத் திருமணத்தை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் அவளைக் காப்பாற்ற வந்த சட்டத்துக்குப் பயந்து அவள் ஒளிந்துகொள்வதை எந்த அவையும் விவாதிக்கவில்லை.

இப்போது அட்வான்ஸுக்கு வருவோம். 2013 சட்டம், ஆதிக்க நிலையில் இருப்பவர் வல்லுறவு செய்தால் கூடுதல் தண்டனை என்றது. ஆனால் முதலில் அது வல்லுறவு என்று நிரூபிக்க வேண்டும். அதாவது கேள்வி அவள் சம்மதித்தாளா என்பதுதான். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம். அதிகாரத்தைப் பயன்படுத்தி இணங்க வைப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அரசு ஊழியர், சிறை, மருத்துவமனை என்று அது பட்டியல் போடுகிறது. கடன் கொடுத்தவரையும் சூளைக்காரரையும் அதிலுள்ள 'அதிகார நிலை' என்ற பொதுச் சொல்லுக்குள் கொண்டுவர ஒரு வழக்கறிஞர் போராட வேண்டியிருக்கும்.

தோழர்களே, நம் கையில் ஒரு பிரிவு இருந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(xii). பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணின் விருப்பத்தின் மீது ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இருப்பவர், அந்த நிலையைப் பயன்படுத்தி, இல்லையென்றால் அவள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாத விதத்தில் அவளைப் பாலியல்ரீதியாகச் சுரண்டினால் அது குற்றம். அவள் ஆம் என்று சொல்லியிருந்தாலும், மறுக்கும் இடத்தில் அவள் இருந்தாளா என்று கேட்ட பிரிவு அது. தண்டனை அற்பம், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை. சரியாகப் பயன்படுத்தப்படவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்டு எழுதியதுபோல இருந்தது.

2015 திருத்தத்தில் அந்த வாசகம் இல்லாமல் போனது. அந்தத் திருத்தத்துக்காகப் பாடுபட்டவர்களில் நாங்களும் உண்டு. சமூகப் புறக்கணிப்பு, பொது வளங்களைத் தடுப்பது எனப் புதிய குற்றங்கள் பல சேர்ந்தன. பாலியல் நோக்கில் தொடுவதும் சம்மத விளக்கத்தோடு வந்தது. மக்களவை ஆகஸ்டில் நிறைவேற்றியது. மாநிலங்களவை டிசம்பர் 21 அன்று விவாதம் இல்லாமல் நிறைவேற்றியது. நாங்கள் இனிப்பு கொடுத்தோம். பழைய பன்னிரண்டாவது உட்பிரிவு எங்கே என்று தேடிப் பார்க்க எங்களுக்கே சில ஆண்டுகள் ஆயின. இந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

அந்த வாசகம் இல்லாததன் வலியைப் பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் பாருங்கள். தலித் பெண். திருமணம் செய்வதாகச் சொன்னவர் பிறகு சாதியைக் காரணம் காட்டி விலகினார். இது ஆரம்பத்திலேயே பொய்யான வாக்குறுதி அல்ல, வாக்கு மீறல் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் வழக்கை ரத்து செய்தது. சாதியால் தடை வரும் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. சாதி தெரிந்திருந்ததே அவருக்கு எதிராகப் போனது.

2023 டிசம்பரில் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நிலையில் மூன்று குற்றவியல் மசோதாக்களும் இரண்டே நாளில் இரு அவைகளையும் கடந்தன. ஏமாற்றி உறவு கொள்வதற்குப் பத்து ஆண்டுவரை தண்டனை என்று 69 ஆம் பிரிவு வந்தது. பழைய 377 முழுதாகப் போனதில், வல்லுறவுக்கு ஆளாகும் ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் அதற்குரிய பிரிவே இல்லை. நிலைக்குழு எச்சரித்தும் கேட்கவில்லை. 69 ஆம் பிரிவின் அடிப்படை ஏமாற்று. கடன் கொடுத்தவர் யாரையும் ஏமாற்றவில்லையே. சொன்னபடி பணம் கொடுத்தார், சொன்னபடி வேலை கொடுத்தார்.

அதனால் நாங்கள் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். 1989 வாசகத்தை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும், கடனும் முன்பணமும் ஆதிக்க நிலை என்று அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும், தண்டனையை உயர்த்த வேண்டும். வரைவைச் சட்ட மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் அதே குடியிருப்பில், பெண்கள் ஏரியிலிருந்து திரும்பிய பிறகு, மாலையில் வாசித்துக் காட்டப் போகிறோம். கேள்வி கேட்ட அந்த அம்மா முன்வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் வர வேண்டும். பொன்னேரிக்குக் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் இரவு இங்கேயே தங்கலாம்.