‘ராத்திரி தூங்கினானா?’

என் பேரனுக்கு ஒன்றரை வயது. இரவில் நாலைந்து முறை எழுந்து அழுவான். மகளும் மாப்பிள்ளையும் தூக்கமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள்.

குழந்தை டாக்டர் சொன்னார்: “நடுவில் விழிப்பது எல்லாக் குழந்தைக்கும் இயல்பு. தோளில் ஆட்டித் தூங்க வைத்தால், விழிக்கும்போதும் தோளைத் தேடும்.” அதனால் கண் சொருகும்போதே படுக்கையில் விட்டுத் தட்டிக் கொடுக்கிறோம். படுக்கும் முன் ஒரு மணி நேரம் டிவி, செல்போன் கிடையாது. இரண்டு மணிக்குமேல் எழுந்தால் என் முறை. வங்கிப் பழக்கம், நோட்டில் குறித்து வந்தேன். மூன்று வாரத்தில் இரண்டு முறையாகக் குறைந்தது.

கீழ்வீட்டு அம்மா ஒருநாளும் சத்தம் என்று புகார் சொல்லவில்லை. காலையில், “ராத்திரி தூங்கினானா?” என்பார். அதற்கே என் மகள் கண்கலங்கினாள். உங்கள் பக்கத்து வீட்டில் குழந்தை அழுதாலும் அப்படிக் கேளுங்கள்.