உடல் ஆக்கும் மருந்து

உட்கொண்ட மருந்து உட்கொண்ட உருவிலேயே நின்று வேலை செய்கிறது என்பது பொதுவான எண்ணம். அது முற்றிலும் சரியன்று. சில மருந்துகளை உடல் வேறொரு பொருளாக மாற்றுகின்றது. மாறிய பொருளும் மருந்தாகவே தொழிற்படுகின்றது. இருதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தை அடக்கும் புரொக்கேனமைட் இதற்குத் தக்க உதாரணமாகும்.

பல் பிடுங்கும்போது நோ தெரியாதபடி மரத்துப்போகச் செய்ய வைத்தியர்கள் ஒருகாலத்திற் பெரிதும் பயன்படுத்திய மருந்து புரொக்கேன். இருதயத் தசை எளிதிற் கிளர்ச்சியுறாமல் அது தடுக்கும் என்பது 1936ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆயின், குருதியிற் கலந்ததும் அது விரைவிற் சிதைந்துவிடும். ஆகவே அதன் அமைப்பைச் சிறிது மாற்றி, அவ்வாறு சிதையாத புரொக்கேனமைட்டை ஆக்கினர். 1950களின் தொடக்கத்தில் அது வைத்தியத்தில் இடம்பெற்றது.

இம்மருந்தில் ஒரு பங்கு மாறாமலே சிறுநீருடன் வெளியேறுகிறது. மற்றொரு பங்கை ஈரலிலுள்ள ஒரு நொதியம் அசெக்கேனைட் என்னும் பொருளாக மாற்றுகிறது. தாய்மருந்து, இருதயத் தசையில் மின்கிளர்ச்சி பரவும் வேகத்தைக் குறைக்கிறது. அதிலிருந்து பிறந்த அசெக்கேனைட்டோ, தசை அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும் காலத்தை நீட்டுகிறது.

இம்மாற்றம் எல்லோரிடத்தும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. சிலரின் ஈரல் விரைந்து மாற்றும். சிலரின் ஈரல் மெதுவாக மாற்றும். இது பெற்றோர் வழி வரும் இயல்பு. 1950களிற் சயரோக மருந்தாகிய ஐசோனியசிட்டை உண்டவர்களிடம் இவ்வேற்றுமை தெளிவாயிற்று. மெதுவாக மாற்றுவோர் புரொக்கேனமைட்டை நெடுநாள் உண்டால், மூட்டுநோவும் காய்ச்சலும் கூடிய, லூப்பஸ் போன்ற நோய் அவர்களை விரைவிற் பற்றுகிறது. அசெக்கேனைட்டால் இத்தொல்லை விளைவது அரிது. ஆதலின் அதனையே தனி மருந்தாகக் கொடுத்தும் சோதித்தனர்.

எனினும் அதிலும் ஓர் இடர் உண்டு. அசெக்கேனைட் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவது. சிறுநீரகம் பழுதுற்றவரின் குருதியில் அது தேங்கிவிடும். அப்பொழுது துடிப்பைச் சீராக்கவேண்டிய பொருளே உயிருக்கு ஆபத்தான துடிப்பை உண்டாக்கக்கூடும். இதனாலேயே இம்மருந்தைத் தொடர்ந்து பெறுவோரின் குருதியில் இவ்விரு பொருள்களையும் தனித்தனியே அளப்பதும், இருதயத்தின் மின்பதிவைக் கவனிப்பதும் அவசியமாகின்றன.

ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே அளவு. ஆயினும் ஈரலும் சிறுநீரகமும் ஆளுக்கு ஆள் வேறு. அயலவருக்குக் குணந்தந்த அளவைத் தாமும் உண்ண நினைப்பவர் மறக்கலாகாத உண்மை இது.