பெயர் தரும் பாதை

(நெய்வேலி நகரியத்தில் தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்துவர வந்த இளைஞரிடம், "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். ஊரைச் சொல்லவில்லை, ஒரு வட்டத்தின் எண்ணைச் சொன்னார். "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "காண்ட்ராக்ட்" என்றார். சுரங்கத்தில் உழைக்கிறார் என்று சொல்லவில்லை. கரி சுமந்து ஓடும் பெல்ட்டைக் காவல் காக்கிறார் என்று சொல்லவில்லை. என்ன வேலை என்று கேட்டால், என்ன பெயரில் வேலை என்பதே விடையாக வருகிறது! அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

தமிழிலே 'பெயர்' என்பதற்கு இரு பொருள் உண்டு. பிறந்த குழந்தைக்குச் சூட்டுவதும் பெயர்; வளர்ந்த மனிதன் வாழ்ந்து ஈட்டுவதும் பெயர். 'நல்ல பெயர் எடுத்தான்' என்கிறோம். 'பெயரைக் கெடுத்துக்கொண்டான்' என்கிறோம். முன்னது பிறர் தருவது. பின்னது தானே தேடுவது. ஒருவனுடைய வாழ்க்கைப் பாதையை வகுப்பது இவற்றில் எது? தேடிய பெயரே என்று ஏடுகள் கூறும். ஆனால், நாட்டு நடப்பு அப்படிக் கூறவில்லையே, தோழர்களே!

நாம் நிற்கும் இந்த மண்ணின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1935-ஆம் ஆண்டு, ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்திலே கிணற்றுக்காகத் துளையிட்டபோது, நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவரக் கண்டார். கண்டதை அரசுக்கு அறிவித்தார். பின்னாளில் நிலத்தையும் வழங்கினார். நிலவியல் துறையினர் 1943 முதல் 1946 வரை துளையிட்டு ஆராய்ந்தனர். 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

முதலியார் பெயர் நிலைத்தது. நிலைக்கத் தகுந்த பெயர்தான். அதைக் குறைத்துப் பேச நான் இங்கு வரவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதே கரிய மண்ணை ஒரு கூலியாள் தன் கையில் அள்ளிக்கொண்டு கச்சேரிப் படி ஏறியிருந்தால், நின்று கேட்டிருப்பார்களா? "போடா, போய் வேலையைப் பார்" என்றுதானே விரட்டியிருப்பார்கள்! மண் ஒன்றுதான், கொண்டுவரும் கைக்கு இருக்கும் பெயர்தான் வேறு. துளையிட்ட கைகள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றின் பெயரை எழுதி வைத்தவர் யார்?

அடுத்து நடந்ததைப் பாருங்கள். நெய்வேலி என்பது முன்பு ஒரு சிற்றூரின் பெயர். சுரங்கத்துக்காகச் சுற்றுவட்டாரத்து ஊர்கள் பல நிலம் இழந்தன. வீடும் தோப்பும் இழந்தன. விரும்பிக் கொடுத்தவர் வள்ளல் ஆனார். சட்டப்படி எடுக்கப்பட்டவர் 'வெளியேற்றப்பட்டோர்' ஆனார். நேற்றுவரை இன்னார் வீட்டு மகன், இன்ன தோப்புக்காரர் என்று ஊரே அறிந்திருந்த மனிதர், ஒரே நாளில் கோப்பிலே ஓர் எண் ஆனார். இழந்தது நிலம் மட்டுமா? தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பெயரையும் அல்லவா இழந்தார்!

2016-ஆம் ஆண்டு, நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனப் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என்று மாற்றப்பட்டது. ஊரின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது கண்டு தமிழகத் தலைவர்கள் பலர் கண்டனம் தெரிவித்தனர். நியாயமான கண்டனம். ஊர்ப் பெயர் சுருங்கியதற்குக் கொதித்த நாம், உழைப்பவன் பெயர் 'காண்ட்ராக்ட்' என்று சுருங்கியதற்கு அதே அளவு கொதித்தோமா?

"நன்றாக உழைத்து நல்ல பெயர் எடுத்தால் முன்னுக்கு வரலாமே, எதற்கு இந்தக் கூப்பாடு?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடை சொல்கிறேன். நள்ளிரவில் பெல்ட் அறுகிறது. "அவனைக் கூப்பிடு, அவன் கை பட்டால்தான் ஓடும்" என்கிறார் பொறியாளர். அந்த மனிதனுக்கு நல்ல பெயர் இருக்கிறது. இருபது ஆண்டு உழைப்பில் ஈட்டிய பெயர். விடிந்ததும் பட்டியலைப் புரட்டினால், அவன் யாரோ ஒரு ஒப்பந்தக்காரரின் ஆள்! பக்கத்தில் நின்று அதே திருகைப் பிடித்தவருக்கு ஒரு சம்பளம்; இவனுக்கு வேறு சம்பளம். பெண் கேட்டுப் போகும் வீட்டிலும், "மாப்பிள்ளை பர்மனெண்டா, காண்ட்ராக்டா?" என்பதுதான் முதல் கேள்வி. பையன் குடிக்கிறானா, கண்ணியமானவனா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்! ஈட்டிய பெயர் வாசலில் நிற்க, சூட்டிய பெயர் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

2010-இலும் 2014-இலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நெடுநாள் வேலைநிறுத்தம் செய்தது கூலிக்காக மட்டும் அன்று. அந்தப் பெயரை மாற்றுவதற்காகவும்தான். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்திலே கொதிகலன் வெடித்தது. பொறியாளரும் மாண்டார், ஒப்பந்தத் தொழிலாளரும் மாண்டனர். கொதிக்கும் நெருப்பு எவருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பார்க்கவில்லை. சாவிலே இல்லாத வேறுபாடு வாழ்விலே ஏன், தோழர்களே?

இங்கிருந்து சில கல் தொலைவில் இருக்கிறது வடலூர். 1867-ஆம் ஆண்டு அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார் இராமலிங்க அடிகள். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்த வாசலில் சாதி கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை. பசி என்ற ஒன்றே போதிய அடையாளம். அந்த அடிகளார், தம்மை 'இராமலிங்கசாமி' என்று வழங்குவதை விரும்பவில்லை. அது ஆரவாரமான பெயராகத் தோன்றுகிறது என்று அன்பருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய பாடல்களை அருட்பா என்று அழைப்பது தகுமா என்று பெரும் பூசல் எழுந்து, 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. பெயருக்காகப் பிறர் மோதிக்கொண்டனர். பெயரை வேண்டாதவர் அடுப்பைக் காத்தார். இன்று நிற்பது எது? அந்த அடுப்பல்லவா நிற்கிறது!

இனி, நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கசப்பாக இருந்தாலும் கேளுங்கள். நம் கூட்டங்களிலே நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு? ஒருவர் எழுந்து பேசத் தொடங்கினால், அவர் சொல்வதைக் கேட்கும் முன்பே, "யார் வீட்டுப் பிள்ளை? எந்தத் தெரு? நிரந்தரமா, ஒப்பந்தமா?" என்று நம் காதோடு காதாகக் கேட்டுக்கொள்வது இல்லையா? பட்டங்களை அடுக்கிச் சுவரொட்டி ஒட்டுகிறோமே, பசை காய்ச்சியவன் பெயர் நமக்குத் தெரியுமா? ஊரைத் திருத்தப் புறப்பட்டவர்கள் முதலில் தம் வீட்டு வாசலைப் பெருக்க வேண்டும்.

என்னை அழைத்துவந்த அந்தத் தம்பி இதோ, கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு ஒன்று சொல்வேன். தம்பி, இனி எவராவது கேட்டால், நிமிர்ந்து நின்று, "என் அப்பா சுரங்கத்தில் உழைக்கிறார், உங்கள் வீட்டு விளக்கில் அவர் பங்கும் எரிகிறது" என்று சொல்லுங்கள்.

ஆனால் தோழர்களே, அந்தப் பிள்ளைக்கு இந்தச் சொல்லை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டால் அது ஏமாற்று. தலை நிமிர்வது அவர் வேலை. பட்டியலைத் திருத்த வைப்பது நம் வேலை. அந்தப் பட்டியலில் அவருடைய தந்தையின் பெயர் மாறும்வரை, நமக்கு இருக்கும் பெயரும் நல்ல பெயர் ஆகாது.