விமானம் ரத்தானால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



சென்ற ஆண்டு தங்கை மகள் கல்யாணத்துக்காக நானும் மனைவியும் டெல்லி கிளம்பினோம். சென்னை விமான நிலையத்துக்குப் போன பிறகுதான் விமானம் ரத்து என்றார்கள். "டிக்கெட் பணம் வந்துவிடும் சார்" என்றார் கவுண்டரில் இருந்த பெண். சரியென்று வீடு திரும்பி, முகூர்த்தத்தை வீடியோவில் பார்த்தோம். இழப்பீடும் கேட்டிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இதுதான். 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்லாமல் ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம் தரவேண்டும். அதற்கு மேல் இழப்பீடும் உண்டு. 1 மணி நேரம் வரையிலான பயணத்துக்கு ரூ.5,000; 2 மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகைதான் கிடைக்கும்.

மோசமான வானிலை போல, நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. அதனால் ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று முக்கியம். அமெரிக்காவிலிருந்து மகன் டிக்கெட் போட்டாலும், ஏஜென்ட் போட்டாலும், உங்கள் மொபைல் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். தொடர்பு எண் சரியாக இல்லையென்றால் இழப்பீடு கேட்க முடியாது.

தாமதத்துக்கும் விதி உண்டு. கோவை, மதுரை போன்ற குறுகிய பயணத்தில் 2 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு, சிற்றுண்டி தரவேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானமா, முழுப் பணமா என்பது உங்கள் விருப்பம்.

அதிகம் பேருக்கு டிக்கெட் விற்றுவிட்டு உங்களை ஏற்ற மறுத்தால், 1 மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்தாக வேண்டும். தராவிட்டால் ரூ.10,000 வரை, மாற்று விமானம் 24 மணி நேரத்தையும் தாண்டினால் ரூ.20,000 வரை இழப்பீடு உண்டு.

டிக்கெட், குறுஞ்செய்தி, சாப்பாட்டு ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் ஏர்சேவா தளம், 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போடவேண்டும்.

தவறவிட்ட முகூர்த்தம் திரும்பி வராது. உங்களுக்குச் சேரவேண்டிய பணத்தையாவது விட்டுவிடாதீர்கள்.