தூது விடும் மென்பொருள்



மடல் எழுதுவது எளிது. எழுதிய மடல் உரியவர் கையில் சேர்ந்ததா என்று அறிவதே அரிது. ஒப்புகை அட்டையோடு மடல் விடுத்து, அவ்வட்டை திரும்பி வரும்வரை வாயிலை நோக்கி நின்றவர் இவ்வவையிலும் இருப்பர். கணிப்பொறிகளுக்கும் அந்த ஏக்கம் உண்டு என்றால் நகைக்காதீர்கள். ஒரு வைப்பகத்தின் கணிப்பொறி மற்றொரு வைப்பகத்தின் கணிப்பொறிக்கு, 'இன்னார் கணக்கில் 10,000 உருவா சேர்க்க' என்று செய்தி விடுக்கின்றது. மறுமொழி வரவில்லை. செய்திதான் வழியில் தொலைந்ததா? அன்றிச் செய்தி சேர்ந்து, மறுமொழி தொலைந்ததா? மீண்டும் விடுத்தால் 20,000 ஆகிவிடக்கூடும். விடுக்காவிட்டால் ஒரு காசும் சேராமற் போகக்கூடும். இவ்விடரைத் தீர்த்த மென்பொருள்களுள் ஒன்று பிறந்த இடம் அமெரிக்கா அன்று. நமக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள இலங்கை. அதன் கதையே இன்றைய பொழிவு.

ஒரு கணிப்பொறி மற்றொன்றினிடம் இணையத்தின் வழியே வேலை வாங்குவதைப் பிறர் 'வெப் சர்வீசு' என்பர். ஈண்டு வலைப்பணி எனப்படும். அதற்குரிய மடலுறையை வரையறுத்த நெறி 'சோப்' என்பது. உறைக்குள் தலைப்பு ஒன்று, உடல் ஒன்று. தலைப்பில் முகவரி முதலியன, உடலில் செய்தி. அதன் 1.2 ஆம் பதிப்பு 2003 சூன் திங்களில் வெளியாயிற்று. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. அப்பதிப்பில் ஆக்கியோரே அவ்விரிவைக் கைவிட்டனர். காரணப்பெயராய்ப் பிறந்தது இடுகுறிப்பெயராய் முடிந்தது! இலக்கணம் பயின்றோர்க்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அம்மடலை எழுதவும் படிக்கவும் கருவி வேண்டும். அமெரிக்காவில் 1999-இல் நிறுவப்பட்ட அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை 'ஆக்சிசு' என்னும் கருவியை வெளியிட்டிருந்தது. அது திறவூற்று மென்பொருள். அஃதாவது, அதன் ஆணைத்தொடரை எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றிய சஞ்சீவ வீரவரண தம் நாடு திரும்பி, 2003-இல் இலங்கை மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 2004 ஆகத்தில் ஆக்சிசை ஆக்குவோர் கொழும்பிலே கூடிப் பழைய கருவியைப் பழுதுபார்ப்பதை விட்டு, அடித்தளத்திலிருந்தே புதிதாய்க் கட்டத் துணிந்தனர். அதுவே ஆக்சிசு 2. அதன் ஆணைத்தொடரில் பெரும்பங்கு இலங்கை இளைஞர்கள் எழுதியது.

புதுமை யாது? பழைய கருவிகள் பல, நீண்ட மடல் வந்தால் முழுவதையும் பிரித்து நினைவகத்தில் பரப்பி வைத்த பின்னரே வேலையைத் தொடங்கின. புதியதோ, தேவைப்படும் அளவே பிரித்துப் படித்தது. அஞ்சற்காரர் உறைமேல் உள்ள முகவரியைப் படித்தால் போதாதா? உள்ளிருப்பதை ஏன் படிக்கவேண்டும்? மேலும், வேண்டும் உறுப்பை வேண்டும்போது செருகிக்கொள்ளும் அமைப்பும் அதற்கு இருந்தது.

அவ்வாறு செருகத்தக்க உறுப்புகளுள் ஒன்றே தொடக்கத்தில் கூறிய இடரைத் தீர்த்தது. அது செய்திகளுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டு விடுக்கும். பெறுவோன், 'முதல் மூன்றும் ஐந்தும் வந்தன' என்று ஒப்புகை தருவான். நான்காவதை மட்டும் விடுத்தோன் மீண்டும் விடுப்பான். ஒரே எண் இருமுறை வந்தால் பெறுவோன் ஒன்றைத் தள்ளிவிடுவான். ஆகவே 10,000 உருவா 10,000 ஆகவே சேரும். நெறி எளியது, எனினும் இரு முனைகளும் அதனை வழுவாமற் கடைப்பிடிக்கவேண்டும்.

அவ்வுறுப்புக்கு அவர்கள் இட்ட பெயர் 'சந்தேச'. சொல் வடசொல்லே, ஆயினும் சிங்கள இலக்கியத்தில் அது ஓர் இலக்கிய வகையின் பெயர். பறவையைத் தூது விடும் பாட்டு. நம் தூது இலக்கியத்துக்கு உறவு. பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த 'கோகில சந்தேசய' என்னும் குயில்விடு தூது, தென்முனைத் தேவந்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறக்கின்றது. பெறுவோன் ஆங்கு ஆண்டிருந்த சப்புமல், நம்மவர் செண்பகப் பெருமாள் என்பரே, அவன். 2004 கடற்கோளுக்குப் பின் துயர்நீக்கப் பணிக்கென அந்நாட்டில் எழுந்த மென்பொருளுக்கும் 'சகன' என்று தம் மொழிப் பெயரையே இட்டனர். ஆணைகள் ஆங்கிலத்தில்தாம் இருந்தன; பெயர் மட்டுமே அவர்களுடையது. அவ்வளவேனும் செய்தார்களே!

இனி, வெளியீடு. திறவூற்று என்றவுடன் எவரும் எதையும் எழுதி வெளியே வீசிவிடலாம் என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. ஆணைத்தொடரில் ஒரு திருத்தம் தீங்கானது என்று உரிமையுடைய உறுப்பினர் ஒருவர் தக்க ஏது காட்டி மறுத்தாலே, அத்திருத்தம் நின்றுவிடும். வெளியிடும் காலம் வந்தால் ஒருவர் பொறுப்பேற்பார். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உரிம வாசகம் உள்ளதா என்று பார்ப்பார், கட்டைக் கட்டித் தம் மறைக்குறிக் கையொப்பம் இடுவார், 'இதனை வெளியிடலாமா?' என்று எல்லாரும் காண வைப்பார். உறுப்பினர் அதனை இறக்கித் தம் பொறியில் கட்டி ஆய்ந்து பார்த்து ஒப்போலை அளிப்பர். 72 மணிப் பொழுது காத்திருப்பது வழக்கம். மேலாண்மைக் குழுவினர் மூவரேனும் 'ஆம்' என்னவேண்டும். 'ஆம்' என்போர் 'அன்று' என்போரினும் மிகவேண்டும். ஈண்டு ஒருவர் மறுப்பால் வெளியீடு நில்லாது. எழுதும்போது ஒற்றைக் குரலுக்கும் தடைவலிமை; வெளியிடும்போது பலர் முடிவு. ஊரவைகள் சிலவற்றில் இது தலைகீழாக நடப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இயங்கத்தக்க வடிவை அவர்கள் எளிமை கருதியே தருகின்றனர். ஆணைத்தொடர்க் கட்டையே வெளியீடு என்று கொள்கின்றனர். சமைத்த சோற்றை அன்று, விதைநெல்லையே கொடை என்கின்றனர். பல முன்வெளியீடுகள் கடந்து, 2006 மே திங்களில் ஆக்சிசு 2-இன் 1.0 வெளிவந்தது. பின்னாளில் எளிய மடல்முறைகள் பரவ, 'சோப்' வழியின் ஆட்சி சுருங்கிற்று. ஆனால் அன்று எழுதப்பட்ட தொடர்கள் இன்றும் திறந்தே கிடக்கின்றன.

அவற்றை எடுப்பார்க்கு என்ன கட்டுப்பாடு? 2004-இல் வந்த அப்பாச்சி உரிமம் 2.0 தெளிவாகவே கூறுகின்றது. விலை இல்லை, விற்கத் தடையும் இல்லை. அறக்கட்டளையின் வணிகப் பெயர்களைத் தமவாக்கிக்கொள்ளும் உரிமை மட்டும் இல்லை. ஆகவே ஒரு தமிழ் இளைஞன் 'சந்தேச'வை எடுத்துத் திருத்தித் 'தூது' என்று பெயரிட்டு வெளியிடலாம். முன்னோர் இட்ட உரிமை அறிவிப்புகளை நீக்கலாகாது; உரிமத்தின் படி ஒன்றை உடன் வைக்கவேண்டும்; தான் மாற்றிய ஒவ்வொரு கோப்பிலும் 'இது மாற்றப்பட்டது' என்று எழுதவேண்டும். அதனைத் தமிழிலேயே எழுதலாம்.